மல்லூர் தாண்டினால்தான் கையெழுத்து

தணிகாசலத்தின் வாயில் வராத வார்த்தை ஒன்று உண்டு. ‘நல்லா இல்லை’ என்பதுதான் அது. மின்வாரியத்தில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தவர். ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டு அவர் குறை சொன்னதாக நாமக்கல்லில் யாருக்கும் நினைவில்லை. தையற்காரர் சட்டைக் கையை ஒரு அங்குலம் குட்டையாகத் தைத்துக் கொடுத்தால், அதை முழங்கை வரை மடித்து விட்டுக்கொண்டு, “பிரமாதமுங்க” என்று சொல்லிவிட்டு வருவார். நல்ல மனுஷன் என்று ஊரில் பெயர். அந்தப் பெயர் அவருக்கும் பிடித்துத்தான் இருந்தது.

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆதிலட்சுமி அம்மாவின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

“கோபம் வருதுங்கம்மா” என்றார்.

மருந்துக்கடை மாடியில் ஒரு கூடம். ஞாயிறு காலைகளில் நாற்பது பேர் அங்கே வந்து ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். நடத்துகிறவர் ஆதிலட்சுமி அம்மா. அவருக்கு வயது நாற்பத்து மூன்று, தணிகாசலத்துக்கு அறுபத்திரண்டு. ஆனாலும் நாலு வருஷமாகத் தணிகாசலம் சிஷ்யர், அம்மா குரு. அவர் ‘அம்மா’ என்பார், இவர் ‘ஐயா’ என்பார். இருவருக்கும் அதில் சங்கடம் ஏதும் இல்லை.

“யார் மேல?” என்றார் அம்மா.

“கார் ஷோரூம்காரங்க மேலதானுங்க.”

அவர் கதையைச் சொன்னார்.

ஓய்வு பெற்றதும் மனைவி செண்பகத்துக்காக வாங்கிய கார் அது. செண்பகத்துக்கு இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்துவிட்டன. வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும், சேலத்து ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நாமக்கல்லில் கிளம்பினால் நாற்பது நிமிஷம் கார் சொன்னபடி கேட்கும். மல்லூரை நெருங்கும்போது, நாற்கரச் சாலையின் நடுவில், ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் அணைந்துவிடும். பத்து நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். போன வியாழக்கிழமை பின்னால் வந்த லாரி, ஒரு முழம் இருக்கும்போதுதான் நின்றது.

“ஏழு தடவை சர்வீஸுக்கு விட்டேனுங்க. ஏழு தடவையும் ஷோரூமைச் சுத்தி ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு, குறை எதுவும் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. வாரண்டி இன்னும் பதினோரு நாள்தான். நேத்துப் போய் மேனேஜர்கிட்டப் பேசினேன். அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டறார். ஏழு தடவையும் நான் முழு திருப்தின்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். கம்பெனியிலிருந்து போன் பண்ணிக் கேட்டப்பவும், ஏழு தடவையும் பத்துக்குப் பத்து குடுத்திருக்கேன்.”

“குடுத்தீங்களா?”

“குடுத்தேனுங்க. நவநீதன்னு ஒரு தம்பிதான் சர்வீஸைப் பார்த்துக்கறார். ஒவ்வொரு தடவையும் சாவியைக் குடுக்கறப்ப, ‘சார், போன் வரும், பத்துக்குப் பத்து சொல்லிடுங்க, குறைஞ்சா மேனேஜர் எல்லார் முன்னாடியும் நிக்க வச்சுத் திட்டுவார்’னு கையைப் பிடிச்சுக்குவார். அந்த முகத்தைப் பார்த்துட்டு எப்படிங்கம்மா மாட்டேங்கறது?”

சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இந்தக் கோபத்தை எப்படி அடக்கறதுன்னு சொல்லுங்கம்மா” என்றார் தணிகாசலம்.

அம்மா எழுந்து உள்ளே போனார். சற்று நேரத்தில் இரண்டு டம்ளரில் சுக்குக் காபியோடு வந்து, ஒன்றை அவர் கையில் கொடுத்தார்.

“குடிச்சுப் பார்த்துச் சொல்லுங்க ஐயா.”

ஒரு வாய் குடித்தார். உப்பு. ஏதோ ஒரு சிட்டிகை கைதவறி விழுந்த உப்பில்லை. நாக்கு சுருண்டுகொள்ளும் அளவுக்கு உப்பு. தணிகாசலம் நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், அவர் தொண்டை தானாகவே வழி விட்டுவிட்டது.

“அருமைங்கம்மா.”

“நல்லா இருக்கா?”

“ரொம்ப நல்லா இருக்குங்கம்மா.”

“அப்ப சரி” என்று அம்மா மற்ற டம்ளரை எடுத்துக்கொண்டு நடந்தார். ஜன்னலோரம் சுவரில் சாய்ந்து செண்பகம் உட்கார்ந்திருந்தாள். அம்மா நேரே அவளிடம் போனார்.

செண்பகத்துக்கு உப்பு ஆகவே ஆகாது. தண்ணீரையே டாக்டர் அளந்துதான் கொடுக்கச் சொல்லியிருந்தார். தணிகாசலம் பாதி எழுந்தார். அம்மாவே கொடுக்கும்போது எப்படித் தடுப்பது என்று ஒரு யோசனை. மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று இன்னொரு யோசனை. அதற்குள் அம்மா குனிந்து டம்ளரை நீட்டிவிட்டார். செண்பகமும் கையை நீட்டினாள்.

“குடிக்காதே! உப்பு!”

கூடமே திரும்பிப் பார்த்தது. நாலு வருஷத்தில் அந்த இடத்தில் அவ்வளவு பெரிய சத்தம் எழுந்ததில்லை. தணிகாசலத்துக்கே அது தன் குரல்தானா என்று சந்தேகமாக இருந்தது.

அம்மா டம்ளரின் பிடியை விடவே இல்லை. அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

“உங்களுக்கும் சொல்ல வருதே, ஐயா” என்றார்.

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார். அவமானமாகத்தான் இருந்தது. “இப்ப நான் என்னங்கம்மா செய்யட்டும்?” என்று கேட்டார்.

“கார் எங்க நிக்குது?”

“மல்லூர்லங்க.”

“அவங்க எங்க ஓட்டிப் பார்த்தாங்க?”

“ஷோரூமைச் சுத்தி.”

“அதைப் போய்ச் சொல்லுங்க.”

“இந்தக் கோபம்?”

“அதையும் கூட்டிட்டுப் போங்க. ஸ்டீயரிங்கை மட்டும் அதுகிட்டக் குடுத்துடாதீங்க.”

வீட்டுக்கு வரும் வழியில் செண்பகம் சிரித்துக்கொண்டே வந்தாள். “என் சமையலுக்கும் முப்பத்திரண்டு வருஷமா அருமைதான். உங்களுக்கு நெஜமா எது பிடிக்கும்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது, போங்க.” சிரிப்பு அடங்கியதும் அவள் வெளியே பார்க்கத் திரும்பிக்கொண்டாள். அவருக்கு அது சுருக்கென்று இருந்தது.

திங்கட்கிழமை வாடகைக் காரில் சேலம் போய் வந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, தணிகாசலம் தன் காரோடு ஷோரூமில் நின்றார்.

நவநீதன் வழக்கம்போல் சிரித்தபடி வந்து, தாளில் ‘இன்ஜின் புகார்’ என்று எழுதினான்.

“தம்பி, நான் சொல்றதைச் சொன்ன மாதிரியே எழுதுங்க. நாப்பது நிமிஷம் ஓடினதுக்கப்புறம், மல்லூர்கிட்ட, ஓடறப்பவே இன்ஜின் அணையுது. பத்து நிமிஷம் கழிச்சுக் கிளம்புது. பின் சீட்டுல என் சம்சாரம் இருக்கா.”

“கடைசி வரி எதுக்கு சார்?”

“அந்த வரிக்காகத்தானுங்க மத்த வரியெல்லாம்.”

நவநீதன் அவரைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தான். பிறகு எழுதினான்.

“இப்ப யாராவது என்கூட மல்லூர் வரைக்கும் வரணும்” என்றார் தணிகாசலம்.

மேனேஜர் வந்தார். “அஞ்சு கிலோமீட்டருக்கு மேல ஓட்டிப் பார்க்க ரூல் இல்லீங்க சார்.”

“சரிங்க. ரூல் வர்ற வரைக்கும் நான் இங்கயே உக்காந்திருக்கேன்.”

அன்று முழுக்க உட்கார்ந்திருந்தார். சத்தம் போடவில்லை. டீ கொடுத்தார்கள், குடித்தார். “டீ ஆறிப்போச்சுங்க” என்று கொண்டுவந்தவரிடம் சொன்னார். சொல்லிவிட்டுத் தானே கொஞ்சம் ஆடிப்போனார். அந்த ஆள் கோபித்துக்கொள்ளவில்லை, சூடாக வேறொன்று கொண்டுவந்தார். இவ்வளவுதானா விஷயம் என்று இருந்தது தணிகாசலத்துக்கு.

சாயங்காலம் நவநீதன் பக்கத்தில் வந்து குனிந்தான். “சார், உங்களுக்கு எதுக்கு சார் இந்தச் சிரமம்? வீட்டுக்குப் போங்க. நான் பார்த்துக்கறேன்.”

“ஏழு தடவை பார்த்துட்டீங்க தம்பி. இந்தத் தடவை நாம ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்.”

புதன்கிழமையும் ஒன்பது மணிக்கு வந்துவிட்டார். வாரண்டி முடிய எட்டு நாள்.

பதினொரு மணி சுமாருக்குச் சேந்தமங்கலத்திலிருந்து ஒரு குடும்பம் புதுக் கார் எடுக்க வந்தது. இவருடைய கார் எதுவோ அதே கார், நிறம் மட்டும் வேறு. மாலை போட்டாகிவிட்டது. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. ஃபோட்டோ எடுக்கிறவரும் வந்துவிட்டார். நல்ல நேரத்துக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. அந்த வீட்டுக்காரர், நெற்றியில் சந்தனத்தோடு, சும்மா நின்றவர், உட்கார்ந்திருந்த தணிகாசலத்தைப் பார்த்துவிட்டார்.

“ஏனுங்க, உங்ககிட்டயும் இதே காருங்களா?”

“ஆமாங்க.”

“எப்படிங்க, நல்லா இருக்குதுங்களா?”

மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நவநீதன் கையில் பூங்கொத்தோடு அசையாமல் நின்றான். வீட்டுக்காரரின் முகத்தில் அத்தனை சந்தோஷம். அவர் பின்னால் அவருடைய தாயார் பட்டுப்புடவையில் நின்று, புதுக் காரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல நாளும் அதுவுமாக, தணிகாசலம் வாழ்நாளெல்லாம் பயந்து ஒதுங்கிய முகம் மொத்தமாக எதிரே வந்து நின்றது. ‘அருமைங்க’ என்ற வார்த்தை பல் வரைக்கும் வந்துவிட்டது.

கூடவே அந்த உப்பும் நாக்கில் ஏறியது.

“உங்க காரு எப்படின்னு எனக்குத் தெரியாதுங்க” என்றார். “என் காரு மல்லூர்கிட்ட ஓடறப்பவே நின்னு போகுதுங்க. ஏழு தடவை கொண்டாந்துட்டேன். இன்னும் சரியாகலீங்க. அதுக்குத்தான் ரெண்டு நாளா உக்காந்திருக்கேன்.”

தாயார் காரின் மேலிருந்து கையை எடுத்துவிட்டாள். “டே, கொஞ்சம் பொறுடா” என்று மகனிடம் சொன்னாள்.

மேனேஜர் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு கிட்டத்தட்ட ஓடி வந்தார். இரண்டு நாளாக இல்லாத ரூல், அந்த ஆறேழு அடியில் அவருக்குக் கிடைத்துவிட்டது.

“நவநீதா, அந்தப் பூவை வச்சுட்டு சார்கூட மல்லூர் போய்ட்டு வா. ஸ்கேனரையும் எடுத்துக்கோ.”

நவநீதன்தான் ஓட்டினான். தணிகாசலம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பின் சீட்டில் செண்பகம் எப்போதும் தலைக்கு வைத்துக்கொள்ளும் சின்னத் தலையணை கிடந்தது. ஆண்டகளூர் கேட் தாண்டியது. கார் பூப்போல ஓடியது. “பாருங்க சார், எவ்வளவு ஸ்மூத்தா...” என்று அவன் ஆரம்பித்தான்.

மல்லூர் போர்டு தெரிந்தது. இன்ஜின் அணைந்தது.

ஸ்டீயரிங் கல்லாக இறுகியது. பின்னால் ஒரு லாரி ஹாரனை அடித்துக்கொண்டே வந்தது. நவநீதன் இரண்டு கையாலும் திருகி, எப்படியோ காரை ஓரத்துக்குக் கொண்டுவந்தான். லாரி உரசாத குறையாகத் தாண்டிப் போனது. அவன் கண்ணாடியில் லாரி வந்த திசையைப் பார்த்தான். அங்கே தெரிந்தது தலையணை. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இப்படியா சார், வாரத்துல ரெண்டு நாள்?”

“ரெண்டு நாள்.”

“அப்புறம் ஏன் சார் எனக்குப் பத்துக்குப் பத்து போட்டீங்க?”

தணிகாசலம் பின்னால் எட்டி, அந்தத் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நவநீதன் சூடு ஆறுவதற்குள், குறையைக் காட்டும் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தான். இன்ஜினில் ஒரு சென்சார், சூடேறினால் செத்துவிடுகிறது. ஆறினால் உயிர் வந்துவிடுகிறது. ஷோரூமைச் சுற்றி நூறு தடவை ஓட்டியிருந்தாலும் அது அகப்பட்டிருக்காது.

சனிக்கிழமை புது சென்சார் போட்டு, வாரண்டியிலேயே சரி செய்து கொடுத்தார்கள். நவநீதன் சாவியை நீட்டினான். கூடவே, பழக்க தோஷம், திருப்திக் கடிதத்தையும் பேனாவையும் நீட்டினான்.

“மல்லூர் தாண்டிட்டு வந்து போடறேன் தம்பி.”

“சார், கையெழுத்து இல்லாம காரை வெளிய விட மாட்டாங்க.”

“அப்ப நீங்களும் ஏறுங்க.”

நவநீதன் மேனேஜரின் அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். பிறகு கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏறினான். மல்லூர் தாண்டியது. சேலம் வந்தது. திரும்பி வரும்போதும் மல்லூர் தாண்டியது. சாலையோரம் நிறுத்தி, காரின் முகப்பின் மேல் தாளை வைத்து, தணிகாசலம் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் ஞாயிறு. எல்லாரும் எழுந்து போன பிறகு, அவர் அம்மாவிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னார்.

“காலையில கம்பெனியிலிருந்து போன் வந்துதுங்கம்மா. ஏழு தடவை சரியில்லீங்க, எட்டாவது தடவை சரி பண்ணிட்டாங்க, நவநீதன் தம்பி கூடவே வந்தார், அப்படியே எழுதிக்கோங்கன்னேன். ஒரு நம்பர்தான் சார் போட முடியும்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. அப்ப மூணு போடுங்கன்னுட்டேன்.” கொஞ்சம் தயங்கினார். “அந்தத் தம்பியை நாளைக்கு நிக்க வச்சுத் திட்டுவாங்க. மனசு கேக்கலீங்கம்மா. நான் செஞ்சது சரிதானுங்களா?”

அம்மா உள்ளே போய் ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தார்.

தணிகாசலம் வாங்கினார். இந்தத் தடவை அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, டம்ளரைப் பார்த்தார். ஒரு வாய் குடித்தார். நிதானமாக இன்னொரு வாய் குடித்தார். அந்தப் பக்கம் செண்பகம் காத்துக்கொண்டிருந்தாள்.

“உப்பு இல்லீங்க” என்றார். “கருப்பட்டி சரியா இருக்கு. சுக்குதான் கொஞ்சம் தூக்கலுங்கம்மா.”

“நாலு வருஷமா உங்களுக்கு ஊத்தறேன் ஐயா” என்றார் அம்மா. “இன்னிக்குத்தான் குடிச்சிருக்கீங்க.”