பூங்காவனத்தின் முன்அனுபவம்

வரைபடத்தில் கடுகளவே தெரியும் பவளத்தீவில் ஒருநாள் சட்டம் மாறியது. லைசென்ஸ் வாங்கினால் மருந்துக்காகக் கஞ்சா பயிரிடலாம் என்றார்கள். லைசென்ஸ் கொடுக்கும் வாரியத்துக்குத் தலைவராக வந்தவர் பழைய போலீஸ் அதிகாரி கனகசபாபதி. அந்த நாற்காலி கிடைத்ததும் அவர் மீசை இன்னும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டது.

பூங்காவனம் விண்ணப்பிக்கப் போனாள். கணவனின் தீராத வலிக்காகக் கொல்லையில் கஞ்சா வளர்த்து, முன்பு இதே கனகசபாபதியிடம் பிடிபட்டவள் அவள். சட்டம் மாறியதும் வழக்கு தள்ளுபடியானது.

"முன்அனுபவம் இருந்தால்தான் லைசென்ஸ். ஆனால் இங்கே திருட்டுத்தனமாக வளர்த்த அனுபவம் செல்லாது" என்றார் அவர்.

"அப்போ யாருக்குத்தான் ஐயா கிடைக்கும்?"

"வெளிநாட்டில் வளர்த்தவர்களுக்கு. என் மைத்துனன் மாதிரி."

"எனக்கும் திருட்டுத்தனம் இல்லாத அனுபவம் இருக்கு ஐயா. பிடிச்ச செடிகளைத் தொட்டியோட ஸ்டேஷனுக்குத் தூக்கிட்டுப் போனீங்க. கேஸ் முடியுறவரைக்கும் சாட்சிப் பொருள் வாடக்கூடாதுன்னு தினமும் என்னையே தண்ணி ஊத்த வச்சீங்க. போலீஸ் காவல்ல ஆள் உயரத்துக்கு வளர்த்தேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரிப்பை அடக்கப் பார்த்தார்கள், முடியவில்லை.

"அதுக்கு யார் அத்தாட்சி தருவா?" என்று உறுமினார் கனகசபாபதி.

"ஒரு இலை வாடினாலும் இன்னொரு கேஸ் போடுவேன்னு மிரட்டினது நீங்கதானே? நீங்களே எழுதிக் கொடுங்க. நான் வளர்க்கலைன்னா, ஸ்டேஷன்ல கஞ்சா வளர்த்தது யாருன்னு சொல்லிடுங்க."

கனகசபாபதி பேனாவைத் திறந்தார்.