பொட்டியில எரிஞ்ச மூணாவது விளக்கு

ஒரு ஊர்ல ஒரு பஞ்சாலை. அந்த ஆலை கேட்டுக்கு வெளிப்பக்கமா ஒரு பெரிய பூட்டு. பூட்டினது யாரு? முதலாளி. ஆனா கோர்ட்ல போய் என்ன சொன்னாரு தெரியுமா, பொம்பளைங்க வேலைக்கே வர்றதில்ல, நான் என்ன பண்றதுன்னாரு. பணக்காரன் பொய் சொன்னா அதுக்கு நாற்காலி போட்டு உக்கார வைப்பாங்க கண்ணு. ம் சொல்லு.

அப்புறம், அந்த ஆலையில நூல் சுத்துறவ இசக்கின்னு ஒருத்தி. தினம் காலையில எல்லாரையும் கூட்டிக்கிட்டு, தூக்குச்சட்டியோட போய் கேட் முன்னால நிப்பா. பூட்டும் தெரிய, நிக்கிறவங்களும் தெரிய ஒரு போட்டோ எடுத்து வச்சிருந்தா. அது அன்னைக்கு மத்தியானத்துக்குள்ள, மெட்ராஸ்ல இவங்களுக்காக வாதாடுற வக்கீலம்மாவுக்குப் போயாகணும். போகலைன்னா முதலாளி சொன்னதுதான் உண்மைன்னு ஆயிரும். எல்லாருக்கும் வேலை போயிரும்.

பஸ்ல கொண்டுபோனா மறுநாள் ஆயிரும். அதனால தொழிலாளர் சங்க ஆபீஸ்ல இருந்த மோடத்தை நம்பினா. சின்னப் பொட்டிதான். டெலிபோன் வயரு அது வழியா கம்ப்யூட்டருக்குப் போகும். முகத்துல கடுகு கடுகா நாலு சிவப்பு விளக்கு. முதல் விளக்கு எரிஞ்சா கரண்டு இருக்கு. ரெண்டாவது எரிஞ்சா போனை எடுத்தாச்சு. அப்போ பொட்டி கத்தும் பாரு, டொய்ங் டொய்ங், கீஈஈச், கர்ர்ர்ர்னு. அது ரிப்பேர் இல்ல கண்ணு, பேச்சுவார்த்தை. இந்தப் பக்கத்துப் பொட்டியும் அந்தப் பக்கத்துப் பொட்டியும் எந்த வேகத்துல பேசிக்கலாம்னு பேரம் பேசும். ஒத்துப்போச்சுன்னா கப்சிப். மூணாவது விளக்கு நின்னு எரியும். நாலாவது மினுக் மினுக்னு மின்னினா சரக்கு போய்க்கிட்டிருக்கு.

ம்... கேக்குறியா?

அப்போ இசக்கி போட்டோவைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி அனுப்பினா. கீஈஈச், கர்ர்ர். மூணாவது எரிஞ்சுது, நாலாவது மின்னுச்சு. பொசுக். ரெண்டும் அணைஞ்சு போச்சு. வயரு லூசுன்னு நெனச்சு அழுத்திச் சொருகினா.

அப்புறம் மறுபடி. பாதி போட்டோ போயிருக்கும், பொசுக். பொட்டி சூடாயிருச்சுன்னு அட்டையால விசிறினா. பின்னால நின்ன பொம்பளைங்க, நம்ம பொழப்பும் இப்படிப் பாதியிலதான் நிக்கும்னு முணுமுணுத்தாங்க.

மூணாவது தடவை இசக்கி கம்ப்யூட்டரைப் பாக்கல. விளக்கையே பாத்தா. மூணாவது அணைஞ்ச அதே நொடியில முன்னறையில இருந்து ஒரு குரல்.

"எவம்லே அங்க ஒட்டுக் கேக்கிறது? தைரியம் இருந்தா பேரைச் சொல்லு."

எட்டிப் பாத்தா, அதே லைன்ல இருந்த இன்னொரு போனைக் காதுல வச்சுக்கிட்டு சுடலைமுத்து அண்ணாச்சி. பழைய சங்கத்துக்காரரு. ஒரு காலத்துல போலீஸ் போனை ஒட்டுக் கேட்டுத்தான் அவரைப் பிடிச்சு ஜெயில்ல போட்டுது. அன்னையில இருந்து, அடிக்கடி போனைத் தூக்கி யாராவது கேக்குறானான்னு பாக்குறது அவரு பழக்கம். இன்னைக்கு எடுத்தா கர்ர்ர்னு சத்தம். விடுவாரா?

பொம்பளைங்க அவரைப் பிடிச்சு உலுக்கிட்டாங்க. இசக்கிதான் விலக்கிவிட்டு, அது போலீஸ் இல்ல, நம்ம போட்டோ போற சத்தம், நீங்க எடுத்ததும் பொட்டிங்க பேசிக்கிறது முறிஞ்சு போகுதுன்னு பொறுமையாச் சொன்னா. அண்ணாச்சி முகம் செத்துப் போச்சு.

"அப்போ காட்டிக் கொடுத்தவன் நான்தானா," ன்னாரு. துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டாரு.

"எங்க போறீக அண்ணாச்சி? காவலுக்கு உங்களை விட்டா வேற ஆளு ஏது? இந்த மூணாவது விளக்கு எரியிற வரைக்கும் போனை ஒருத்தன் தொடக்கூடாது," ன்னா இசக்கி.

அண்ணாச்சி திரும்பி வந்தாரு. நீள வயரை இழுத்துக்கிட்டு வந்து, போனை மடியில வச்சு, ரெண்டு கையாலயும் அமுக்கிக்கிட்டு பொட்டி முன்னால உக்காந்தாரு. போன் பேசணும்னு வந்த டீக்கடைக்காரரை ஒரு முறை முறைச்சாரு, அவரு வாசலோட திரும்பிட்டாரு. டொய்ங், கீஈஈச், கர்ர்ர். கப்சிப். மினுக் மினுக், மினுக் மினுக். போயிருச்சு, முழுசாப் போயிருச்சு.

ம்... தூக்கம் வருதா? இன்னும் கொஞ்சம்தான்.

வக்கீலம்மா அந்தப் போட்டோவை நீதிபதி முன்னால வச்சாங்க. பூட்டும் வெளியில, பொம்பளைங்களும் வெளியில. அப்புறம் என்ன, கேட்டைத் திறன்னு உத்தரவு. முதலாளி மன்னிப்பு கேட்டாரா? கேக்கல. அவங்க கேக்க மாட்டாங்க. ஆனா தன் கையாலயே பூட்டைத் திறந்தாரு, கடக்குனு. இசக்கி தூக்குச்சட்டியை ஆட்டிக்கிட்டு முதல் ஆளா வந்தா. அவரு ஓரமா ஒதுங்கி வழி விட்டாரு.

ஆலைக்கு சங்கு ஊதியாச்சு, கதைக்கு லீவு விட்டாச்சு. நீ கண்ணை மூடு.