எண்பத்துமூன்று வீட்டுச் சண்டை

கொன்றைநகரை ஆண்ட வேங்கைமாறனுக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது. தன் அரண்மனை ஊழியர்கள் வீட்டில் சந்தோஷமாக இருக்கிறார்களா? பார்த்து வரச் சொல்லிச் சிற்றம்பலத்தை அனுப்பினான்.

சிற்றம்பலம் உப்பு விற்கும் குடும்பத்தில் முதன்முதலாக ஏடு படித்து அவைக்கு வந்தவன். எதற்கும் பயப்படுவான். ஆனால் பொய் எழுத மட்டும் வராது. கீழத் தெரு, மேலத் தெரு என்று நூறு வீடுகள் ஏறி இறங்கி, உள்ளதை உள்ளபடி எழுதிவந்தான்.

"எண்பத்துமூன்று வீடுகளில் தினமும் சண்டை, அரசே. மீதிப் பதினேழு வீடுகளில் அமைதி. அந்த வீட்டு ஆண்கள் வெளியூர்க் காவலுக்குப் போயிருக்கிறார்கள்."

தலைமை அமைச்சர் கனகசபேசர் துள்ளி எழுந்தார். "பார்த்தீர்களா! புருஷன் இல்லாத வீட்டில்தான் அமைதி. சட்டம் போடுவோம், அரசே. சண்டை போடும் வீட்டில் புருஷன் கோட்டையில், பெண்டாட்டி தாய்வீட்டில். ஆறு மாதம்!"

"பிரமாதம்! எங்கே முத்திரை?" என்றான் அரசன்.

சிற்றம்பலம் மெல்ல ஓரடி முன்னால் வந்தான். "அரசே, அந்த எண்பத்துமூன்றில் என் வீடும் ஒன்று."

அவை கொல்லென்று சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. கல்யாணமாகி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

"சண்டையை எண்ணினேன், காரணத்தைத் தேடவில்லை. தப்பு என்னுடையது. பத்து நாள் கொடுங்கள். கீழத் தெருக்காரர்களை மட்டும் விளக்கு வைத்ததும் வீட்டுக்கு விடுங்கள். மேலத் தெருக்காரர்கள் வழக்கம்போல் இருக்கட்டும்."

வழக்கம் என்ன? மாலையானால் அரசன் தான் எழுதிய பாட்டுகளைப் பாடுவான். ஊழியர்கள் எல்லாரும் உட்கார்ந்து தலையாட்ட வேண்டும். அறுபது பாட்டு முடிந்தால்தான் வீடு.

அரசன் சம்மதித்தான். ஐந்து நாளாகக் கீழத் தெருவில் சத்தமே இல்லை. மேலத் தெருவில் வாசலுக்கு வாசல் ஒரே கச்சேரி. "சோறு ஆறிப்போச்சு, பிள்ளை தூங்கிப்போச்சு. இப்ப யாரைப் பார்க்க வந்தீங்க?"

"மேலத் தெருக்காரர்கள் குணமே அதுதான்!" என்றார் அமைச்சர்.

"அப்படியானால் தெருவை மாற்றிப் பார்ப்போம், ஐயா."

மாற்றினார்கள். மேலத் தெரு அடங்கியது. கீழத் தெருவில் பாத்திரம் உருண்டது.

பத்தாம் நாள் அரசன் தலையைச் சொறிந்தான். "என்னப்பா இது? நோய் எந்தத் தெருவில்தான் இருக்கிறது?"

"இரண்டிலும் இல்லை, அரசே. முறை வைத்து இங்கே வந்து வாங்கிக்கொண்டு போகிறார்கள்."

"இங்கேயா? இங்கே என்ன..." அரசன் நிறுத்தினான். மடியிலிருந்த பாட்டுக் கட்டைப் பார்த்தான்.

"என்ன திமிர்! இவன் தலையை..." என்று எழுந்தார் அமைச்சர்.

அரசன் கையமர்த்தினான். "சிற்றம்பலம், மறைக்காமல் சொல். என் பாட்டு அவ்வளவு மோசமா?"

சிற்றம்பலம் நெற்றி வியர்வையைத் துடைத்தான். கையிலிருந்த ஓலையை ஒருமுறை முழுக்கப் படித்துப் பார்த்தான்.

"அரசே, பாட்டை நான் ஆராயவில்லை. அது முடிகிற நேரத்தை மட்டும்தான் ஆராய்ந்தேன்."

அரசன் சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுவரை இறங்கிவிட்டது. அமைச்சரின் சட்ட ஓலையை இரண்டாக முறித்துப் போட்டான். விளக்கு வைத்ததும் அவை கலைய வேண்டும் என்று அங்கேயே புதுச் சட்டம் எழுதவைத்தான். பிறகு ஒரு பட்டுச் சேலையைச் சிற்றம்பலத்தின் கையில் திணித்து, "உன் வீட்டுக்காரியிடம் கொடு. ஓடு, சோறு ஆறிவிடப் போகிறது!" என்றான்.