சேதிராயர் யானையிலிருந்து இறங்கிய கதை

ரொம்ப காலத்துக்கு முந்தி, செம்பாறை நாட்டை விசயபூபதி என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு. அவன் சபையில் சேதிராயர் என்றொரு பெரிய மனுஷர் இருந்தார். நெடுமடை ஊருக்குத் தலைவரும் அவரே, அந்த ஊருக்காக ராஜசபையில் உட்கார்ந்திருந்தவரும் அவரே.

மந்திரி அம்பலவாணருக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. நெடுமடை ஏரியின் மதகு இடிந்து, தண்ணீர் வீணாக ஓடி, வயல்கள் காய்ந்து கிடந்ததை அவர் நேரில் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"அரசே, ஒருவருக்கு ஒரு பதவிதான் என்று சட்டம் போடுங்கள்" என்றார்.

சேதிராயர் சிரித்தார். "மந்திரிக்கு என்மேல் பொறாமை. எனக்கு இரண்டு தோள் இருக்கிறது, இரண்டையும் சுமக்கிறேன்."

"சபாஷ்!" என்று ராஜா தொடையைத் தட்டினான். "அம்பலவாணரே, இவரால் முடியாது என்று காட்டும். இல்லாவிட்டால் உம்முடைய பதவியும் இவருக்குத்தான்!"

"அப்படியானால் நெடுமடைக்கே போவோம்" என்றார் அம்பலவாணர்.

ராஜா யானைமேல் புறப்பட்டான். பக்கத்தில் சபை உறுப்பினராகச் சேதிராயர். ஊர் எல்லையில் மேளம் முழங்கியது. பூரணகும்பம் கொடுக்கத்தான் ஆளில்லை.

"ஊர்த்தலைவர் எங்கே?" என்றார் மந்திரி.

சேதிராயர் அரக்கப்பரக்க இறங்கிக் கும்பத்தை வாங்கி நீட்டினார்.

"ஊர்த்தலைவரே, ஊரின் குறையைச் சொல்லும்" என்றார் மந்திரி.

"மதகு... இடிந்திருக்கிறது."

"இதற்குச் சபை உறுப்பினர் பதில் சொல்வார். மேலே ஏறிச் சொல்லும்."

சேதிராயர் வேர்க்க விறுவிறுக்க ஏறினார். "பார்க்கலாம்... ஆகட்டும்..."

"ஊர்த்தலைவருக்கு இந்தப் பதில் திருப்தியா? இறங்கி வந்து சொல்லும்!"

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். கூட்டத்திலிருந்து வெள்ளையம்மை என்ற குடியானவப் பெண் முன்னால் வந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"மகாராஜா, எங்களுக்கு இது பழகின கூத்து. ஊரில் கேட்டால், 'சபையில் சொல்லியாச்சு' என்பார். சபையில் நீங்கள் கேட்டால் என்ன சொல்வார்?"

ராஜாவின் சிரிப்பு நின்றுபோனது. "குறையே இல்லை என்பார்" என்றான் மெல்ல. பிறகு சேதிராயர் பக்கம் திரும்பினான். "ஒன்றை வைத்துக்கொள்ளும். மற்றதை இப்போதே விடும்."

சேதிராயர் தலைகுனிந்து சபைப் பதவியை வைத்துக்கொண்டார். ஊரார் அங்கேயே கூடி வெள்ளையம்மையைத் தலைவியாக்கினார்கள். சட்டம் நாடு முழுக்க வந்தது. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணர் கழுத்தில் போட்டான்.

அடுத்த சபையில் மதகுக்குக் கல்லும் ஆளும் கேட்டு வெள்ளையம்மை நின்றாள். "இவ்வளவு எதற்கு?" என்று சேதிராயர் குறுக்கே விழுந்தார். அவள் விளக்கினாள், அவர் மறித்தார், குரல்கள் ஏறின. கடைசியில் அவரே எழுந்து, "கொடுக்கத்தான் வேண்டும், அரசே" என்றார். மழைக்கு முன்னால் மதகு எழும்பிவிட்டது.

அதன்பிறகும் அவர்கள் வாக்குவாதம் ஓயவில்லை. ராஜா காதைப் பொத்திக்கொண்டான். "என்ன அம்பலவாணரே, முன்பெல்லாம் சபையில் இப்படிச் சண்டையே கிடையாதே!"

"ஆமாம் அரசே" என்றார் மந்திரி. "தன்னோடு தானே சண்டை போட யாருக்கு மனசு வரும்?"