மேகத்துக்குள் ஒரு மணியோசை

மலைச்சாலையில் வர்க்கி பிஸ்கட் விற்கும் பெள்ளியின் சைக்கிளை உரசியபடி சேர்மன் ராஜரத்தினத்தின் கார் வந்து நின்றது.

"இனிமே என் காருக்கு முன்னால உன் சைக்கிளைப் பார்த்தேன், பறிமுதல்தான்!"

"சரிங்க ஐயா." பெள்ளி காருக்குப் பின்னால் போனான்.

அடுத்த வளைவில் மேகம் இறங்கியது. மரங்கள் கரைந்தன, சாலை கரைந்தது, பள்ளம் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. கார் நின்றுவிட்டது. பின்னால் சைக்கிள் மணி மட்டும் மெல்லக் கேட்டது.

"டேய், உனக்குத்தான் வழி அத்துப்படியாச்சே! முன்னால போ!"

"போனா சைக்கிள் போயிடுமே, ஐயா."

"பறிக்க மாட்டேன், போப்பா!"

"உரசாம வருவீங்களா?"

"நீ சொல்ற தூரத்துல வர்றேன்."

பெள்ளி வளைவுக்கு வளைவு மணியடித்தபடி வெண்மைக்குள் மிதந்து போனான்.

அடிவாரத்தில் வெயில் அடித்தது. கடைவீதியே வேடிக்கை பார்த்தது. வர்க்கிப் பெட்டிக்குப் பத்தடி பின்னால், ஹாரன்கூட அடிக்காமல், சேர்மன் கார் ஊர்ந்து வந்தது.