தங்கராசு செத்தது எதனால்?

தென்காசி பஸ் நிலையத்துக்கு எதிர்ச்சந்தில் ஞானசிகாமணி அண்ணாச்சி ஒரு சலூன் வைத்திருந்தார். அவரிடம் பூவலிங்கம், தளவாய், கொம்பையா என்று மூன்று பேர் வேலை பார்த்தார்கள். கத்தரியைக் கையில் எடுத்துவிட்டால் அந்த வட்டாரத்தில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. கத்தரியைக் கீழே வைத்த பிறகுதான் தொல்லை. ஏனென்றால் அவர்கள் சொன்ன சொல் தட்டாதவர்கள். சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள்.

அண்ணாச்சிக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த மீன்தொட்டிதான் அவருக்கு எல்லாம். அதில் தொந்தியும் தொப்பையுமாக ஒரே ஒரு தங்கமீன், பெயர் தங்கராசு. கடை திறந்ததும் சாமி படத்துக்குக்கூட அப்புறம்தான் ஊதுபத்தி. முதலில் தங்கராசுவிடம் நலம் விசாரிப்பார்.

அப்படிப்பட்டவர் தங்கச்சி மகள் கல்யாணத்துக்காக நாகர்கோவில் போக வேண்டி வந்தது. கிளம்பும்போது மூவரில் மூத்தவனான பூவலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதான்டே பொறுப்பு. தங்கராசு மேல ஒரு கண்ணு இருக்கட்டும். நீங்க சாப்பிடுததுக்கு முன்னால அவனுக்குப் போட்டுருங்க. தண்ணிய மறக்காம மாத்திருங்க."

பூவலிங்கத்துக்கு நெஞ்சு விம்மியது. பிறந்ததிலிருந்து அவனை நம்பி யாரும் ஒரு குடையைக்கூடக் கொடுத்துவிட்டுப் போனதில்லை.

பஸ் கிளம்பியதும் வந்து தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தான். உற்றுப் பார்த்தான்.

"அண்ணே, ரெண்டு கண்ணாலயும் பாக்குதீயளே!" என்று பதறினான் தளவாய். "அண்ணாச்சி ஒரு கண்ணுன்னுல்லா சொன்னாவ?"

பூவலிங்கம் நாக்கைக் கடித்துக்கொண்டு வலது கண்ணைக் கையால் பொத்தினான். அன்றிலிருந்து யாராவது ஒருவர் முறை வைத்து ஒற்றைக் கண்ணோடு மீன் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். முடிவெட்ட வந்தவர்கள் ஊரில் கண்வலி பரவுகிறது என்று நினைத்துத் திரும்பிப் போனார்கள்.

சாப்பாட்டு விஷயத்திலும் குறை வைக்கவில்லை. கொம்பையா பொழுதுக்கும் வாயை அசைத்துக்கொண்டே இருப்பவன். அவன் பஜ்ஜி தின்பதற்கு முன்னால் தங்கராசுக்கு ஒரு பிடி இரை. முறுக்குக்கு முன்னால் ஒரு பிடி. டீக்கு முன்னால் ஒரு பிடி. "டீ சாப்பிடுததும் சாப்பிடுததுதானடே?" என்பது அவன் நியாயம்.

தண்ணீரையும் மாற்றினார்கள். தொட்டித் தண்ணீரை வாளிக்கும், வாளித் தண்ணீரைத் தொட்டிக்கும் மாற்றினார்கள். மறுநாள் இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்கும். ஒரு சொட்டு வீணாகவில்லை என்று பூவலிங்கத்துக்குப் பெருமை. தண்ணீர் மட்டும் ஏனோ நாளாக நாளாகச் சுக்குக்காப்பி நிறத்துக்கு வந்தது.

ஒரு நாள் காலையில் தங்கராசு ஒருக்களித்துக் கிடந்தான். வாயை மேலே தூக்கித் தூக்கி மூச்சு வாங்கினான். பூவலிங்கத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வண்ணமீன் விற்கிற கடைக்காரருக்குப் போன் போட்டான்.

"மூச்சு வாங்குதா? காத்து பத்தல. உடனே நல்லா காத்து குடுங்க" என்று அவர் வைத்துவிட்டார்.

மூவரும் தங்கராசுவைப் பதமாக எடுத்து, சுழல் நாற்காலியில் துண்டு விரித்துப் படுக்கவைத்து, டேபிள் ஃபேனை முழு வேகத்தில் திருப்பிவிட்டார்கள். தங்கராசு துள்ளினான், குதித்தான்.

"பாத்தீயளா, எம்புட்டு சந்தோசம்!" என்றான் கொம்பையா.

கொஞ்ச நேரத்தில் துள்ளல் நின்றது.

"அசந்து தூங்குதான். சத்தம் போடாதீங்கடே" என்று பூவலிங்கம் அவனைத் திரும்பத் தண்ணீரில் விட்டான். தங்கராசு வயிறு மேலே தெரிய மிதந்தான். மத்தியானம் வரைக்கும் அவர்கள் குசுகுசுவென்றுதான் பேசிக்கொண்டார்கள். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. பூவலிங்கம் குமுறிக் குமுறி அழுதான்.

"அழுது என்ன செய்ய? எதனால செத்தான்னு அண்ணாச்சி கேப்பாவல்லா?" என்றான் தளவாய்.

"முங்கிச் செத்திருப்பானோ?" என்றான் கொம்பையா.

"முங்குனா அடியிலல்லா கெடப்பான்? இவன் மெதக்கான்."

"அப்ப முங்கல. மேல இருந்து விழுந்திருப்பானோ?"

மூவரும் அண்ணாந்து கூரையை வெகுநேரம் ஆராய்ந்தார்கள். விழுந்த தடயம் எதுவும் இல்லை. கடைசியில் தங்கராசுவை ஒரு டிபன் பாக்ஸில் வைத்து, ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, கால்நடை மருத்துவமனைக்குப் போனார்கள். ஆடுகளுக்கும் கன்றுக்குட்டிகளுக்கும் பின்னால் வரிசையில் நின்றார்கள்.

டாக்டரம்மா டிபன் பாக்ஸைப் பார்த்தார். பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். உடனே மூடினார்.

"இதில் என்னப்பா சந்தேகம்? தண்ணிதான் காரணம். தண்ணியாலதான் செத்திருக்கு. எவ்வளவு நாளா இந்தத் தண்ணியில கிடந்துச்சு?"

"வந்த நாள்ல இருந்தே தண்ணிக்குள்ளதாம்மா கெடந்தான்" என்றான் பூவலிங்கம். "ஒருநாள்கூட வெளிய எடுக்கல. இன்னைக்குக் காலையில மட்டும் ஃபேன் காத்துல வச்சோம்."

டாக்டரம்மா அவர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு, "அடுத்த ஆட்டைக் கொண்டு வாங்க" என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் பூவலிங்கம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "ராவும் பகலும் ஈரத்துல கெடந்திருக்கானேடே! நம்ம கடையில இத்தனை துண்டு இருந்தும் ஒருநாள் தலைய துவட்டிவிட்டோமா? எந்த உடம்புதான் தாங்கும்?"

"அண்ணாச்சிக்கே இது தெரியாம போச்சே" என்று தளவாய் வருத்தப்பட்டான்.

தங்கராசுவை நல்லபடியாக அடக்கம் செய்துவிட்டு வந்து, தொட்டியைக் கவிழ்த்தார்கள். துண்டால் துடைத்தார்கள். மூலை முடுக்கெல்லாம் ஹேர் டிரையரைக் காட்டிக் காயவைத்தார்கள். அடியில் பஞ்சு மெத்தை, அதன்மேல் சலவைத்துணி, தலைமாட்டில் ஒரு குட்டித் தலையணை. பூவலிங்கம் ஒரு டப்பா பவுடரும் தூவினான் என்றால் மிகையாகும். அரை டப்பாதான் தூவினான்.

கல்யாணம் முடிந்து அண்ணாச்சி வந்து சேர்ந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் நீந்திக்கொண்டு ஒரு சிவப்பு மீன், தங்கராசுக்குத் துணை. பையைக் கண்ணாடி ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பியவர், தொட்டியைப் பார்த்து அப்படியே நின்றார்.

"எங்கடே தங்கராசு? தண்ணி எங்க?"

பூவலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தான். "தங்கராசு போயிட்டான் அண்ணாச்சி. தண்ணியாலதான்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாவ. ஆனா நீங்க தைரியமா இருங்க. இனிமே இந்தத் தொட்டியில எந்த மீனும் நனைஞ்சு சாகாது!"

அண்ணாச்சி சுழல் நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார்.

"உங்களச் சொல்லிக் குத்தமில்லடே. எல்லாம் என் தலையில எழுதியிருக்கு!"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணாச்சிக்கு இந்த வயதிலும் காடு மாதிரி முடி. கொம்பையா எக்கிப் பார்த்தான்.

"ஒண்ணும் தெரியலையே அண்ணே."

"அடியில இருக்கும்" என்றான் தளவாய்.

அண்ணாச்சி கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே கழுத்தில் துணி விழுந்தது. அவர் "ஏலே!" என்று அலறுவதற்குள் பூவலிங்கத்தின் மெஷின் நெற்றியிலிருந்து உச்சிவரை ஒரு ரோடு போட்டுவிட்டது.

"ஏதாவது எழுத்து தெரியுதாடே?"

பின்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த கொம்பையா, பிடரியில் இருந்த மச்சத்தைக் கண்டு துள்ளினான்.

"அண்ணே, முற்றுப்புள்ளி கெடைச்சிட்டு! அப்படியே மேல மேல எடுத்துக்கிட்டே வாங்க!"