புரட்டாசி மௌனம்

விசாரணைக் கமிஷன் முன்னால் ஆஜராவதற்கு முந்தின நாள், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சபாபதி மாடியில் இருந்த சுவாமி அசலானந்தரின் அறைக்குப் போனார்.

அசலானந்தர் தரையில் உட்கார்ந்து தேர்தல் நோட்டீஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சபாபதியைவிட வயதில் இளையவர். கல்லூரியில் பௌதிகம் படித்துவிட்டுத் துறவறம் பூண்டவர். தேர்தலில் நின்றதற்காகப் பழைய மடம் அவரை விலக்கிவைத்தது. அதன் பிறகு இந்த ஆசிரமத்தைத் தானே கட்டினார். இரண்டு தடவை ஜெயித்தார். வெள்ளம் வந்த வருடம் இடுப்பளவு தண்ணீரில் நின்று எல்லாத் தெருவுக்கும் சோறு கொடுத்தார். தண்ணீர் வடிந்ததும், அந்தச் சோற்றை வாங்கியவர்களில் பாதிப்பேர் இந்த நாட்டுக்காரர்களே இல்லை என்று மேடையில் பேசினார். அந்தப் பேச்சின் மேல் வழக்கு இன்னும் நடக்கிறது.

சபாபதி ரயில்வேயில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குரலைக் கேட்டால் உட்கார்ந்திருப்பவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். ஆசிரமத்தில் அவருக்கு வேலை புரட்டாசியில்தான். அந்த மாதம் முழுக்க சுவாமி மௌனம். கையால் ஜாடை காட்டுவார், பெரிய விஷயமென்றால் சிலேட்டில் எழுதுவார். அதைச் சபாபதி மைக்கில் சொல்வார். கட்சிக்காரர்கள் அவரை ‘சாமியோட ஸ்பீக்கர்’ என்பார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

போன புரட்டாசியில் ஆசிரமத்திலிருந்து ரத ஊர்வலம் கிளம்பியது. பள்ளிவாசல் இருக்கும் சந்தைப்பேட்டைத் தெரு வழியாகப் போகக்கூடாது என்று போலீஸ் தடுத்தது. கூட்டம் ஆசிரமத்து மேடைக்கு முன்னால் திரும்பி வந்து உட்கார்ந்து, போகலாமா வேண்டாமா என்று சுவாமியைக் கேட்டது. சபாபதி மைக்கைப் பிடித்து, “சாமி போகச் சொல்றாங்க” என்றார்.

அன்று சாயங்காலம் சந்தைப்பேட்டையில் கடைகள் எரிந்தன. பூட்டு ரிப்பேர் செய்யும் அப்துல் சுக்கூர் கடையின் உள்ளறையில் படுத்திருந்தார். புகையில் இறந்துபோனார்.

இதை விசாரிக்கும் கமிஷன் சபாபதிக்கு மட்டும் சம்மன் அனுப்பியது. பேசாமல் இருந்தவரை எதற்குக் கூப்பிடுவது என்று ஆசிரமத்து வக்கீல் சேதுமாதவன் கேட்டார். அவருக்கு அதில் சந்தோஷம்.

சுவாமி நோட்டீஸிலிருந்து தலையைத் தூக்கினார்.

“வாங்க. வக்கீல் வந்தாரா?”

“வந்தார். சாமி ஆசீர்வாதம்தான் பண்ணினாங்க, நான்தான் தப்பா எடுத்துக்கிட்டேன்னு சொல்லச் சொல்றார்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“சாமியைக் கேட்டுட்டுச் சொல்றேன்னு சொன்னேன்.”

சுவாமி நோட்டீஸ்களை ஓரமாக அடுக்கினார். சபாபதி உட்காரவில்லை.

“நான் சுக்கூர் வீட்டுக்குப் போயிருந்தேன்” என்றார்.

“எப்போ?”

“போன வாரம். யார்கிட்டயும் சொல்லலை. அவர் மகள் ஹபீபா நாற்காலி எடுத்துப் போட்டா. டீ கொடுத்தா. அப்புறம், ‘உங்க குரல் எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு. நிஜமாவே சாமி போகச் சொன்னாரா, நீங்களா சொன்னீங்களா’ன்னு கேட்டா.”

“என்ன பதில் சொன்னீங்க?”

“டீயைக் குடிச்சிட்டு வந்துட்டேன்.”

வெளியே முற்றத்தில் பிரச்சார ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் “ஹலோ, ஹலோ” என்று சோதித்தான்.

“ஜெயிலுக்குப் போகணும்னா போறேன் சாமி. பென்ஷன் நின்னா நிக்கட்டும். ஆனா யார் சொன்ன வார்த்தைக்குப் போறேன்னு எனக்குத் தெரியணும். அன்னிக்குக் கையைக் காட்டினீங்களே, அது என்ன?”

“உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கு?”

“வலது கை. தோள் உயரத்துக்கு. உள்ளங்கை வெளியே பார்த்து.”

“அது பேப்பர்ல வந்த படம், சபாபதி. கூட்டம் கிளம்பினதுக்கப்புறம் எடுத்தது.”

அந்தப் படத்தைச் சபாபதி பல தடவை பார்த்திருந்தார். அதற்கு முன்னால் காட்டிய கையை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். வரவில்லை. இதுவும் வக்கீல் சுவாமிக்குச் சொல்லிக்கொடுத்த பதிலாக இருக்குமோ என்று தோன்றியது.

“எனக்கு ஒரு சந்தேகம்” என்றார்.

“ஒண்ணுதானா?”

“கேலி பண்ணாதீங்க. பெரிய விஷயம்னா சிலேட்டுல எழுதுவீங்க. ஆடு மேய்க்கிறவன் வந்து மழை வருமான்னு கேட்டாக்கூட எழுதிக் காட்டியிருக்கீங்க. அன்னிக்கு உங்க பக்கத்துல சிலேட்டு இல்லை. எழுதினா நாளைக்கு அது சாட்சியாயிடும்னு யாரோ யோசிச்சு எடுத்து வச்ச மாதிரி இருக்கு.”

“சிலேட்டை மேடைக்குக் கொண்டு வர்றது யாரு?”

“நான்தான்.”

“அன்னிக்கு?”

“மைக் இரைஞ்சுக்கிட்டிருந்தது. ஒயரை மாத்திக்கிட்டிருந்தேன்.” அவர் குரல் இறங்கியது. “ஆனா சிலேட்டு இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமே. கேட்டிருக்கலாமே.”

சுவாமி எழுந்தார். சபாபதியின் தோளைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பி நிறுத்தினார். கீழே முற்றம் தெரிந்தது. ஜீப்பைச் சுற்றிக் காவித் துண்டு போட்டவர்கள் நின்றார்கள். ஜன்னலில் சபாபதியைப் பார்த்ததும் இரண்டு பேர் கும்பிட்டார்கள். ஒருவன், “ஸ்பீக்கர் ஐயா, எப்பக் கிளம்பறது?” என்று கத்தினான். மற்றவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

பின்னால் சுவாமியின் குரல் கேட்டது.

“திரும்பாதீங்க. இப்போ கை காட்டறேன். என்ன சொல்றேன்?”

“தெரியலையே சாமி. நான் பார்க்கலையே.”

“அன்னிக்கும் நீங்க இப்படித்தான் நின்னீங்க.”

கீழே இருந்தவர்கள் இன்னும் நிமிர்ந்தபடியே காத்திருந்தார்கள். சபாபதிக்கு இந்த முகங்களைப் பார்த்தால் எதையாவது சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. ஒரு வண்டி வருகிறது, ஒரு வண்டி கிளம்புகிறது, எதையாவது. ஜன்னல் கதவைச் சாத்தினார்.

“நான் திரும்பிப் பார்க்கவே இல்லையா?”

“உங்க முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிஞ்சுது.”

“அப்போ அது என்னோட வார்த்தைதான்.”

சபாபதி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு அவர் முகம் மெல்ல மாறியது. சுவாமியை நிமிர்ந்து பார்த்தார். பார்வையில் பழைய பணிவு இல்லை.

“மேடையில நான் உங்களுக்கு எவ்வளவு தள்ளி நின்னேன்?”

“பக்கத்துலதான்.”

“கை எட்டற தூரமா?”

“எட்டற தூரம்தான்.”

“முதுகுல ஒரு தட்டு தட்டியிருக்கலாமே. மௌனம் வாய்க்குத்தானே சாமி?”

ஜீப் ஒலிபெருக்கி திடீரென்று கீச்சிட்டது. சுவாமி அது அடங்கும் வரை காத்திருந்தார்.

“நீங்க சொல்லி முடிக்கலை, அத்தனை பேரும் எழுந்துட்டாங்க” என்றார். “அவ்வளவு பெரிய கூட்டம் ஒரே சொல்லுக்கு எழுந்து நான் பார்த்ததில்லை. நான் பேசி ஒரு தடவைகூட அப்படி எழுந்ததில்லை.”

“அதனால?”

“பார்த்துக்கிட்டிருந்தேன்.”

“என்னையா?”

“கூட்டத்தை.”

சபாபதி மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தான் கேட்க வந்த கேள்விக்கு இதுதான் பதிலா, அல்லது நாளைக்குத் தன்னைத் தயார்படுத்துவதற்கான வேறொரு வித்தையா என்று அவருக்குப் புரியவில்லை. இவ்வளவு காலம் ஜாடையில் படித்த முகம். இப்போது பேசுகிறது. ஆனாலும் படிக்க முடியவில்லை.

“இதை அப்படியே கமிஷன்ல வந்து சொல்வீங்களா?”

“நாளையிலேர்ந்து எனக்கு மௌனம்.”

“இது தை மாசம், சாமி.”

“ஆமா” என்றார் சுவாமி. “நீங்கதான் சொல்லணும்.”